துவைக்கிற கல்லில் ஒரு புள்ளி

ஜூலை 3

இன்று ஒரு மலையணிலைப் பனிக்கடலிலிருந்து மீட்டேன்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிக் கிடந்தன. பத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தேழு, எழுபத்தேழு இருக்க வேண்டிய இடத்தில் பத்து. அவ்வளவுதான். பழனி மலைக் காட்டு அணில் வடதுருவத்தை ஒட்டிய கடலில் மிதந்துகொண்டிருந்தது. வருடக்கணக்காக. பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கோவைக்கு வந்து மூன்றாவது வாரம். இந்தப் பல்லுயிர்த் தகவல் மையத்தில் சேர்ந்திருக்கும் உயிரினப் பதிவுகள் எல்லாவற்றையும் உலகத் தரநிலைக்கு மாற்றித் தர வேண்டும். அதுதான் என் வேலை. என்ன உயிர், யார் பார்த்தது, எப்போது, எங்கே. முதல் மூன்றும் சுலபம். 'எங்கே'க்கு மட்டும் ஏகப்பட்ட நெடுவரிசைகள். எத்தனை மீட்டர் தவறியிருக்கலாம்? இடம் வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்டதா? ஆமென்றால் எவ்வளவு? இவைதான் காலியாக இருக்கின்றன. எல்லாருக்கும் புள்ளி வேண்டும். அந்தப் புள்ளி எவ்வளவு பெரியது என்று எழுத யாருக்கும் கை வரவில்லை.

விடுதியில் நிரந்தர முகவரி கேட்டார்கள். தோழி ஹசீனாவின் திருச்சி முகவரியை எழுதினேன்.

ஜூலை 5

இடம் தெரியாத பதிவுகளுக்கு யாரோ பூஜ்யம், பூஜ்யம் என்று நிரப்பியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடல். நம் கீரிகள், ஒரு கரிச்சான், இலுப்பை மரங்கள். எல்லாம் அங்கே. தெரியாது என்று வெறுமனே விட்டிருக்கலாம். காலியிடம் என்றால் ஏன் இவ்வளவு பயம்?

மத்தியானம் விடுதியில் தயிர்சாதம். நேற்றைய தயிர்.

ஜூலை 9

அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண். டைட்டஸ்தான் எடுத்தான். சர்வரையும் வரைபடத்தையும் பார்த்துக்கொள்பவன், எதையும் விளையாட்டாக்கிவிடுவான். "இந்து, உனக்குத்தான். தவளை ஆபீஸான்னு கேக்கறாங்க" என்று ரிசீவரை நீட்டினான்.

கீழ்மலையில் மூங்கிலணை என்று ஒரு ஊர். அங்கிருந்து அமலோற்பவம் என்பவர். அங்கன்வாடியில் வேலை. போன மழையில் வீட்டின் மேற்குச் சுவர் பிளந்துவிட்டது. இடித்துக் கட்ட அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். மலைப்பகுதி என்பதால் மாவட்ட அலுவலகத்தில் வரைபடம் பார்த்திருக்கிறார்கள். அவருடைய வீடு இருக்கும் இடத்தில் அழியும் நிலையில் உள்ள ஆர்க்கிட் ஒன்று, தவளை இரண்டு வகை, ஒரு சிலந்தி, தேவாங்கு. அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. தகவல் தந்தது யார் என்று கேட்டதற்கு எங்கள் மையத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

பதிவுகளைத் திறந்தேன். 10.3, 77.7. ஒரே புள்ளியில் அத்தனையும்.

புரிந்துவிட்டது. எடுத்துச் சொன்னேன். திருடுபோகக்கூடிய உயிரினங்களின் சரியான இடத்தை வெளியிடுவதில்லை. ஒரே ஒரு தசம இடத்துக்குச் சுருக்கி வெளியிடுவோம். எனவே அந்தப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் எங்காவது அவை இருக்கலாம். சுருக்கிய புள்ளி யதேச்சையாக உங்கள் வீட்டில்—

பொறுமையாகக் கேட்டார். அப்புறம்:

"அப்ப அது எதுவும் எங்கூட்ல இல்லைங்குறீக."

"இல்லைன்னு சொல்ல முடியாது. இருக்குன்னும் சொல்லலை."

"ஏம்மா, நான் இங்கனதானே கெடக்கேன். கோழி இருக்கு. ஒரு கிழட்டு நாய் இருக்கு. இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. ஐப்பசி மழைக்கு முன்ன சுவரு எழும்பணும்."

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். ஒரு தாள். நியாயமான கோரிக்கை. நாளைக்கே முடிந்துவிடும்.

ஜூலை 10

முடியவில்லை.

இயக்குநர் பத்மநாபன் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இங்கே இல்லை என்று எழுதிக்கொடுத்தால், அடுத்த கேள்வி எங்கே என்பதுதான். ஒருவருக்குக் கொடுத்தால் அந்தப் புள்ளியைச் சுற்றிய சதுரத்தில் இருக்கும் எல்லாரும் கேட்பார்கள். இல்லை, இல்லை என்று ஒவ்வொரு வீடாகக் கழித்துக்கொண்டே போனால் மிச்சமிருப்பது ஆர்க்கிட் பூக்கும் பாறை மட்டும்தான்.

அவர் சொல்வதிலும் தப்பில்லை. வேறொரு மலையில் ஆர்க்கிட் பூத்த இடத்தை ஒரு கட்டுரையில் துல்லியமாக அச்சிட்டார்களாம். அடுத்த பருவத்தில் அங்கே பாறை மட்டும் இருந்தது. ஆர்க்கிட் இருந்த இடங்களில் கத்தியால் சுரண்டிய தடம். அந்தப் புகைப்படத்தை அவர் அறையில் மாட்டி வைத்திருக்கிறார். பூவின் படம் இல்லை. தடத்தின் படம்.

எல்லாரும் சரியாகத்தான் இருக்கிறார்கள். சுவர் மட்டும் பிளந்திருக்கிறது.

ஜூலை 14

கோகுல் அழைத்தான். எடுக்கவில்லை.

சட்டப்படி இன்னும் என் கணவன். சென்னையில் இருக்கிறான். நான் திருச்சியில் ஹசீனா வீட்டில் தங்கி ஏதோ ஆராய்ச்சி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தற்காலிக ஏற்பாடு.

மழை வரும்போலிருந்தது. வரவில்லை.

ஜூலை 21

தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததில் மகிழ்ச்சியில்லை.

எங்கள் முழுக் கோப்பில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. பிழை எட்டு கிலோமீட்டர். இடம் மங்கலாக்கப்பட்டது. சரியான இடம் வெளியிடாமல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. தரநிலை கேட்கும் எல்லாம். ஆனால் இணையதளத்தில் 'எளிய பதிவிறக்கம்' என்று ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மூன்றே நெடுவரிசை. பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. மாவட்ட வரைபடம் செய்த ஒப்பந்த நிறுவனம் அதைத்தான் எடுத்திருக்கிறது.

பொத்தானைச் செய்தது டைட்டஸ்.

அவனிடம் போனேன். நாற்பது தலைப்போடு கோப்பைக் கொடுத்தால் ஒருத்தரும் திறப்பதில்லை என்றான். இந்தப் பொத்தான் வந்த பிறகுதான் ஆட்களே வர ஆரம்பித்தார்களாம்.

"எட்டு கிலோமீட்டரைத் தூக்கிப் போட்டுட்டியே."

"நான் எங்க தூக்கிப் போட்டேன்? பக்கத்து ஃபைல்ல பத்திரமா இருக்கு."

என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். பிறகு அவனே டீ வாங்கி வந்து வைத்தான். ஆறியபின் குடித்தேன்.

ஆகஸ்ட் 2

அமலோற்பவம் மறுபடி அழைத்தார். அனுமதி பற்றிக் கேட்கவில்லை. விருந்தாளிகள் பற்றிச் சொன்னார்.

பெங்களூரிலிருந்து இரண்டு பேர். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, சிலந்தி தேடி. கையிலிருந்த போன் அவர்களை நேராக அவர் கொல்லைக்குக் கூட்டி வந்திருக்கிறது. கோழிக்கூண்டைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார்களாம்.

"நகர்த்தினீங்களா?"

"நகர்த்துனேன். அவுக மொகத்தப் பாத்தா பாவமா இருந்துச்சு. அவ்வளவு தொலவு வந்திருக்காக. கடுங்காப்பி போட்டுக் குடுத்தேன். அந்தப் பக்கம் ஓடையில பாருங்கன்னு அனுப்பிட்டேன். ஓடையில என்ன இருக்கு, பிளாஸ்டிக் இருக்கு."

சிரித்துவிட்டேன். அவரும். அப்புறம் சட்டென்று எனக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

"திருச்சிப் பக்கம்."

"பக்கம்னா?"

வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். வேலை இருந்தது. நூற்றுக்கணக்கான தவளைகள்.

ஆகஸ்ட் 5

கூட்டம். பத்மநாபன் சார் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அந்தப் புள்ளியைக் கிழக்கே கொஞ்சம் நகர்த்திக் காப்புக்காட்டுக்குள் போட்டுவிடுவது. அங்கே வீடு இல்லை. யாருக்கும் தொந்தரவில்லை. டைட்டஸ் ஐந்து நிமிட வேலை என்றான்.

கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். பொய் என்றேன். இப்போது இருப்பது மட்டும் உண்மையா என்றார் சார். இது மங்கல், அது பொய் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று டைட்டஸ் கேட்டான். கிண்டலாக இல்லை. உண்மையாகவே கேட்டான். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். கூட்டம் கலைந்தது.

விடுதிக்கு நடக்கும்போது பதில் வந்தது. மங்கலானது தான் எவ்வளவு மங்கல் என்று சொல்லிவிடும். பொய் அதைச் சொல்லாது.

யாரிடம் போய்ச் சொல்வது இப்போது?

ஆகஸ்ட் 11

ஹசீனா அழைத்தாள். கோகுல் அவள் வீட்டுக்கு வந்திருந்தானாம். இரண்டாம் முறை. முதல் முறை வந்ததை அவள் எனக்குச் சொல்லவே இல்லை.

காலையில் வந்தவன் அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்லும்வரை சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவள் மாமியார் சோறு போட்டார். சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்றான். மறுபடி உட்கார்ந்தான். நான் கல்லூரியிலிருந்து எப்போது வருவேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நான் என்னடி சொல்ல? அவரு மோசமா ஒன்னும் பேசலை. அதான் கஷ்டமா இருக்கு. மாமி என்னைக் கேக்குது, அந்தப் புள்ள இங்க தங்கியிருக்குன்னு அவருகிட்ட ஏன் பொய் சொன்னேன்னு."

கள ஆய்வுக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

"எத்தனை நாளைக்கு?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவன் அடிக்கிறவன் இல்லை. கத்துகிறவனும் இல்லை. உட்காருவான். எதிரில் உட்கார்ந்து ஏன் என்று கேட்பான். பதில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறுபடி ஏன் என்று கேட்பான். விடியும்வரை கேட்டிருக்கிறான். யாரிடமாவது புகாராகச் சொன்னால் புகாராகவே தெரியாது.

சாயங்காலம் கடலோர ஆமைப் பதிவுகளைத் திருத்தினேன். பாதி ஆமைகள் நெடுஞ்சாலையில்.

ஆகஸ்ட் 19

மூங்கிலணை போய்வந்தேன். யாரும் அனுப்பவில்லை. விடுப்பு எடுத்துப் போனேன். சார் கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றேன்.

வத்தலக்குண்டிலிருந்து மலைப் பேருந்து. பக்கத்து இருக்கையில் ஒரு மூட்டை பீன்ஸ், அதற்கும் டிக்கெட். இறங்கி, கையில் ஜிபிஎஸ் கருவியோடு நடந்தேன். பெங்களூர்க்காரர்கள் நடந்த அதே பாதையாகத்தான் இருக்க வேண்டும். வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்ததும் கையைக் கொல்லைப் பக்கம் நீட்டினார். அந்தளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

பெயரைச் சொன்னேன்.

"தவளை ஆபீஸா," என்றார். "வாங்க. காப்பியா, மொதல்ல புள்ளியப் பாக்குறீகளா?"

புள்ளியைப் பார்த்தேன். துவைக்கிற கல். சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக இருந்தது. கல்லின் மேல் ஏறி நின்றேன். கருவியில் தசமங்கள் ஒவ்வொன்றாகப் பூஜ்யமாயின. 10.300. 77.700. எவ்வளவு சுத்தமான எண். உலகத்தில் எதுவும் இவ்வளவு சுத்தமான எண்ணில் வாழாது. இதைப் பார்த்ததுமே யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இப்ப நீங்களும் அதுல ஒன்னா?" என்று கேட்டார் கீழேயிருந்து. "அபூர்வமா இருக்கீக."

சுவரைக் காட்டினார். பிளவு அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை. கை நுழைகிறது. வெளியிலிருந்து நான்கு தைலமரக் கம்புகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. மாதம் ஒருமுறை வருவார். உள்ளே கட்டிலைக் கிழக்குச் சுவரோரம் நகர்த்திப் போட்டிருந்தார். மேற்குப் பக்கம் வெறும் தரை. அங்கே நடக்கும்போது குரலைத் தாழ்த்துகிறார். அவருக்கே தெரியாமல்.

காப்பி குடிக்கும்போது கேட்டார், நிஜ இடம் எது என்று எனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். சொல்ல முடியாது என்றும் சொன்னேன். சுரண்டிய பாறையைப் பற்றிச் சொன்னேன்.

"சொல்ல வேணாம். எனக்கெதுக்கு. அந்தப் பூவப் பொழைக்க விடுங்க." டம்ளரை வாங்கி வைத்தார். "ஆனா ஒன்னு. ஒளிச்சு வைக்கிறது நீங்க. தேடி வர்றவுக வந்து நிக்கிறது எங்கூட்டுல. ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கணும்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. டம்ளர் கழுவிக்கொண்டே சொன்னார்.

பேருந்தில் ஹசீனாவின் தவறிய அழைப்புகள். மலையில் சிக்னல் இல்லை. இறங்கிய பிறகு இருந்தது.

ஆகஸ்ட் 20

ஹசீனாவிடம் நாளை பேச வேண்டும்.

ஆகஸ்ட் 27

நாளை.

செப்டம்பர் 3

புள்ளியை எடுத்துவிட்டு முழுச் சதுரத்தையும் வரைந்துவிடலாம் என்று தோன்றியது. தரநிலையில் அதற்கும் இடமிருக்கிறது: புள்ளிக்குப் பதில் பரப்பு. இங்கே எங்காவது என்பதை ஒரு வடிவமாகவே சொல்லிவிடலாம். பொய்யில்லை. யார் வீட்டிலும் விழாது.

மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். டைட்டஸ் முன்னோட்டத்தில் ஏற்றினான். இருவரும் திரையைப் பார்த்தோம்.

யார் வீட்டிலும் விழவில்லை. எல்லார் வீட்டிலும் விழுந்திருந்தது. மூங்கிலணை மட்டுமில்லை, சதுரத்துக்குள் இருக்கும் ஊர்கள் எல்லாம், பள்ளிக்கூடம், மாதா கோயில், காப்பிக் களம். மாவட்ட அலுவலகம் இதைப் பார்த்தால் அந்த மலையில் ஒருத்தரும் கழிப்பறைகூடக் கட்ட முடியாது.

"ஒரு அம்மாவுக்கு உதவி பண்ணப் போய் ஊரையே மாட்டிவிட்டுட்ட" என்றான் டைட்டஸ்.

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அன்று நான் பதில் சொல்லாமல் போன கேள்வி ஞாபகமிருக்கிறதா என்று கேட்டான். மங்கலுக்கும் பொய்க்கும். சொன்னேன். பச்சைப் பொத்தானில் பிழை நெடுவரிசையையும் நிறுத்திவைப்புக் குறிப்பையும் சேர்த்துவிடுகிறேன், யாராலும் நீக்க முடியாதபடி, என்றான்.

இரண்டு மாதம் முன்பே சொல்லியிருக்கலாம். நானும்தான்.

செப்டம்பர் 12

மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். வரைபட ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞர் மடிக்கணினியோடு வந்திருந்தார். மிகவும் பணிவு. பணிவுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

மங்கலாக்கிய பதிவுகளைப் புள்ளியாகக் காட்டாதீர்கள் என்றேன்.

"எங்க சாஃப்ட்வேர்ல ஒரு புள்ளி இல்லாம எதுவும் ஏறாதுங்க மேடம்."

அப்படியானால் ஏற்றாதீர்கள் என்றேன். அதுவும் முடியாதாம். மையம் தந்த எல்லாப் பதிவும் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் அவரைக் கேட்பார்கள்.

"எங்கயாவது ஒரு இடத்துல வைக்கணுமே மேடம். நீங்களே சொல்லுங்க, எங்க வைக்கட்டும்?"

நடுக்கடலில் வையுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைத்தான் ஏற்கெனவே யாரோ செய்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கோப்பு வந்துவிட்டது.

எங்கயாவது ஒரு இடத்துல வைக்கணுமே. பேருந்து முழுக்க அந்த வாக்கியம். ஜன்னல் கம்பி அதே தாளத்தில் ஆடியது.

செப்டம்பர் 13

ஹசீனாவிடமிருந்து குறுஞ்செய்தி. கோகுல் நாளை மறுபடி வருகிறானாம், சாமான்களோடு. நான் திரும்பும்வரை பக்கத்தில் அறை எடுத்துத் தங்கப் போகிறானாம். கீழே ஒரு வரி: "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குடி."

அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. கோபமாகக்கூட இல்லை.

ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கணும்ல.

நான் அவளைக் கேட்கவே இல்லை. முகவரியைக் கொடுத்த பிறகு சொன்னேன். சரி என்றாள். அவள் எதற்குத்தான் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்?

செப்டம்பர் 14

ஞாயிறு. துவைத்தேன். கோகுலை அழைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தான். நான் திருச்சியில் இல்லை என்றேன். எப்போதுமே இல்லை. ஹசீனா வீட்டுக்கு இனிமேல் போகாதே, அவளுக்கு எதுவும் தெரியாது, அவள் வீட்டில் நீ தேடுவது எதுவும் கிடையாது.

அவனுக்கு மௌனம் நன்றாக வரும்.

"அப்ப எங்க இருக்க?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தெரிந்தும் தயாராக இல்லை. நாளை சொல்கிறேன் என்றேன். சத்தியமாகவா என்றான். சத்தியமாக என்றேன்.

இடத்தை நிறுத்தி வைத்தால் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எங்கே வந்து கேட்கலாம் என்றும் சொல்ல வேண்டும். தரநிலையில் அது ஒரே ஒரு வரி. நானே எத்தனை முறை நிரப்பியிருக்கிறேன்.

துணி காயவில்லை.

செப்டம்பர் 15

காலை முதல் வேலையாகப் பத்மநாபன் சார் அறைக்குப் போனேன். சொன்னேன்: மாவட்ட வரைபடத்துக்குப் புள்ளி வேண்டும் என்றால் கொடுப்போம். ஆனால் அது உயிரினம் இருக்கும் இடமாக இருக்காது. விசாரிக்க வேண்டிய இடம். தனி நிறம், தனி அடையாளம். 'இந்தப் பதிவுகளின் இடம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, இங்கே கேட்கவும்.' அதை நம் மையத்தின் வாசலில் வைப்போம். இங்கே, கோவையில். எண்ணிக்கை குறையாது. மலையில் யார் வீட்டிலும் விழாது. பொய்யும் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர்க்கிட் தேடறவன், சிலந்தி பிடிக்கறவன், வீடு கட்டறவன், எல்லாரும் நம்ம வாசல்ல வந்து நிப்பான்மா."

"நிக்கட்டும் சார். ஒளிச்சு வச்சது நாமதானே."

சுரண்டிய பாறையின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை, தன்னை இழுக்கக் கூடாது என்றார். அப்படியே அந்த அம்மா கேட்ட தாளையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

எழுதினேன். நான்கு வரி. இந்தப் புள்ளி உயிரினத்தின் இருப்பிடம் அல்ல. ஒரு பரப்பின் மையம். இதை வைத்து எந்தத் தனி மனை பற்றியும் முடிவெடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் எங்களைக் கேட்கவும். சார் ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் கேட்ட தாள்.

மத்தியானம் கோகுலுக்கு மையத்தின் முகவரியை அனுப்பினேன். வாசலில் வரவேற்பறை இருக்கிறது, சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே வரலாம், ஒரு மணி நேரம் பேசலாம். வழக்கறிஞர் பெயரையும் சேர்த்தேன். நான் தங்கியிருக்கும் இடத்தைச் சொல்லமாட்டேன் என்றும் எழுதினேன். சொல்லமாட்டேன் என்பதைச் சொன்னேன்.

செப்டம்பர் 20

வந்தான். உட்கார்ந்தான். ஏன் என்று கேட்டான். சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி கேட்டான். இரண்டாம் முறை நான் சொல்லவில்லை.

பன்னிரண்டுக்குக் காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்றார். அப்படிச் சொல்லச் சொல்லி டைட்டஸ் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறான். நான் டைட்டஸிடம் எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை.

போகும்போது கோகுல் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தான். இதுதான் உன் வேலையா என்றான். ஆமாம் என்றேன். அடுத்த மாதம் மறுபடி வருவானாம். வரட்டும். இங்கே.

செப்டம்பர் 29

புதிய வரைபடம் ஏறிவிட்டது. துவைக்கிற கல் காலி.

ஒப்பந்த நிறுவனத்து இளைஞர் பணிவாக அழைத்தார். எங்கள் தாள் மாவட்ட அலுவலகத்துக்குக் கிடைத்துவிட்டது, மேலே அனுப்பியாயிற்று, மேலே ஒருவர் விடுப்பில் இருக்கிறார்.

அக்டோபர் 9

தாள் இன்னும் மேலேயே இருக்கிறது. அழைத்தேன். நாளை என்றார்கள். அந்த வார்த்தையை நானும் உபயோகித்திருக்கிறேன். திட்ட முடியவில்லை.

அக்டோபர் 16

மழை. கோவையில் சாரல்தான். மலையில் எப்படியோ. மூங்கிலணைக்கு அழைத்தால் மணி போகவில்லை.

அக்டோபர் 17

மணி போகவில்லை.

அக்டோபர் 18

மத்தியானம் அவரே அழைத்தார். மாதா கோயில் மண்டபத்திலிருந்து.

"சுவரு விழுந்துருச்சும்மா."

அடிபட்டதா என்று கேட்டேன்.

"வெளிப்பக்கமாத்தான் விழுந்துச்சு. எனக்கொன்னுமில்ல. நான் கிழக்கால படுத்திருந்தேன். கோழி ரெண்டு போச்சு. அந்தத் துவைக்கிற கல்லு இருக்குல்ல, அதுமேலதான் பூராவும் கெடக்கு. உங்க தவளை அங்கன இருந்திருந்தா செத்திருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சுவருக்கு என்று சொல்ல முடியவில்லை. மூன்று மாதத்துக்கு என்றும்.

"அனுமதி நேத்துத்தான் வந்துச்சு. தபால்காரரு மண்டபத்துலயே கொண்டாந்து குடுத்தாரு. சுவரு மொத நாளு, தாளு மறுநாளு. இடிக்கிற வேலை மிச்சம்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு. மழை விட்டதும் ஆரம்பிக்கணும்."

பெங்களூரிலிருந்து இனி யாரும் வரமாட்டார்கள் என்றேன். அவர் கொஞ்சம் ஏமாந்தது போலிருந்தது.

"அப்ப அவுக எங்கிட்டுத்தான் போவாக?"

"எங்க ஆபீஸுக்கு."

"ம்." எதிர்முனையில் பாத்திரச் சத்தம். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "கடுங்காப்பி போட்டுக் குடுங்க. தொலவுல இருந்து வருவாக." பிறகு, வைக்கப்போகிற நேரத்தில்: "அன்னைக்குக் கேட்டேன், சொல்லாமப் போயிட்டீக. நீங்க எந்த ஊரு?"

"சொந்த ஊரு திருவையாறு. இப்ப கோயமுத்தூர்ல இருக்கேன்க்கா. ஒரு விடுதியில. எந்த விடுதின்னு மட்டும் இப்ப யாருக்கும் சொல்றதில்ல."

"சரி. அதச் சொன்னீகள்ல, போதும்," என்றார்.

அக்டோபர் 21

வாசலில் முதல் ஆள். கழுத்தில் கேமரா, முழங்கால்வரை சேறு. மலையில் தேடிவிட்டு வந்திருக்கிறான். ஆர்க்கிட் எங்கே என்று கேட்டான்.

சொல்லமாட்டேன் என்றேன். உட்காரச் சொன்னேன். காப்பி சொன்னேன்.